காரைநகரில் பிறந்த லூசியா

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு முதல் நாள் மத்தியானம் அச்சகத்துக்காரன் மூன்று பெட்டி நினைவு மலரைத் மலாக்கா தங்கா பத்துவில் உள்ள பெரியப்பா குலம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அஞ்சனாவுக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போனது அவளைப் பெற்ற தாய். பெட்டியைக் கார்ச் சாவியாலேயே கிழித்து, மேலாக இருந்த ஒரு மலரை எடுத்துப் பிரித்தாள். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை.

முதல் பக்கத்தில் பிள்ளையார். அடுத்து தேவாரம். அதற்கடுத்து அம்மாவின் படம். அதை அவள் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்குச் சுருட்டை முடி. சீப்புப் போட்டால் சீப்பு உடையும், ரப்பர் பேண்ட் போட்டால் அறுந்து பறக்கும், அப்படிப்பட்ட முடி. அதை ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் வழித்து, நடுவகிடு எடுத்து, எண்ணெய் வைத்துப் படிய வாரியதுபோல் ஆக்கியிருந்தான். போதாததற்கு ஒரு மூக்குத்தி. அம்மா ஆயுசில் மூக்குக் குத்திக்கொண்டவள் இல்லை.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது:

'யாழ்ப்பாணம் காரைநகரைப் பிறப்பிடமாகவும், மலாக்கா புக்கிட் பெருவாங்கை வதிவிடமாகவும் கொண்ட திருமதி லட்சுமிதேவி காண்டீபன் அவர்கள், காலஞ்சென்ற வேலுப்பிள்ளை – நாகம்மா தம்பதியரின் அன்புப் புதல்வியும், காண்டீபனின் பாசமிகு துணைவியும், அஞ்சனாவின் அருமைத் தாயாரும் ஆவார்.'

காரைநகராம்! கேளுங்கள் இந்தக் கூத்தை. அந்தப் பொம்பளை யாழ்ப்பாணத்தை மேப்பில்கூடப் பார்த்ததில்லை. அவள் பிறந்தது பிரேசில் நாட்டில், வலென்சா என்ற கடலோர ஊரில். அப்பன் மரப்படகு செய்கிற தச்சன். மாதா கோயில் கொயரில் பாடப் போன இடத்தில், அங்கே கிடந்த ஒரு ஓட்டை கிட்டாரை எடுத்துத் தானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டவள். பேர் லூசியா. லூசியா நசிமெந்தோ. அந்தப் பேர் அந்தப் புத்தகத்தில் ஒரு மூலையில்கூட இல்லை.

லூசியா இருபது வயதுக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். பாரில் பாடினாள், ரெஸ்டாரன்டில் பாடினாள், குடித்துவிட்டு மேடைக்கு ஏறி வந்தவன் ஒருவனைக் கிட்டாராலேயே ஒரு போடு போட்டு வேலையையும் இழந்தாள். பிறகு ஒரு சொகுசுக் கப்பலில் பாட்டுக்காரியாக ஏறி உலகத்தைச் சுற்றினாள். கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது பேண்ட் மாஸ்டர் எல்லாருடைய சம்பளத்தோடும் கம்பி நீட்டிவிட்டான். அவள் அழவில்லை. கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மலாக்கா வந்து, ஆயர் குரோ பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கேட்டாள். அந்த ஹோட்டல் லவுஞ்சில்தான் வருஷக்கணக்கில் பாடினாள். போர்த்துகீசியர் குடியிருப்பு மீனவர்கள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, ஒரே ஒரு பீரை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்பார்களாம். அவள் பாடிய போர்த்துகீசியப் பாட்டில் பாதி வார்த்தை அவர்கள் வீட்டில் பேசுகிற வார்த்தை. நீர்வாரிய இன்ஜினியர் காண்டீபன் ஒரு செமினாருக்கு அங்கே போனவர். செமினார் முடிந்தும் அவர் போவதை நிறுத்தவில்லை.

கோயிலில்தான் கல்யாணம். அழைப்பிதழில் 'லட்சுமிதேவி' என்று போட்டது அண்ணன் குலம். அன்றைக்கு வைத்த பேர், அப்படியே சாவுவரை ஒட்டிக்கொண்டது. குலம் வீட்டில் அவளை யாரும் அந்தப் பேராலும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம். நேரே பார்த்தால் 'வாங்கோ'. திரும்பினால் 'ஹோட்டல்காரி'. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் ஆசையாகத் தேங்காய் கேக் சுட்டுக்கொண்டு போய்க் கொடுத்தாள். குலத்தின் மனைவி சந்திராதேவி பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டு, கார் கேட்டைத் தாண்டுவதற்குள் அதைக் குப்பையில் போட்டாள். காரின் பின்சீட்டில் இருந்து அஞ்சனா அதைப் பார்த்தாள். ஏழு வயசுப் பிள்ளை. அது அவள் மனசிலிருந்து போகவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் லூசியா பாட்டை விடவில்லை. ஹோட்டல் லவுஞ்சை இழுத்து மூடியதும், பெம்பான் ஊர்த் தனபாலனின் பேண்டில் சேர்ந்தாள். எஸ்டேட் கல்யாணம், கோயில் திருவிழா, பிறந்தநாள் டின்னர் எல்லாவற்றுக்கும் போனாள். தமிழ்ப் பாட்டைப் போர்த்துகீசிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். ஜாசின் வட்டாரத்தில் 'பிரேசில் அக்கா' என்றால் தெரியாத ஆள் கிடையாது. ஒரே ஒரு சீடி போட்டாள். அதை வாங்கியவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள்.

இதையெல்லாம் அஞ்சனா ஒரு பக்கத்துக்கு எழுதி, அம்மாவின் பேரை மேலே பெரிதாகப் போட்டு, பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கென்று அவள் கேட்டது அது ஒன்றைத்தான். எரிப்பதை அவர்கள் முறைப்படி எரித்தார்கள், சாம்பலை அவர்கள் சொன்ன இடத்தில் கரைத்தார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தில் மட்டும் அம்மா அம்மாவாக இருக்கட்டும் என்று கேட்டாள். அதுதான் இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஹாலுக்குள் போனபோது, குலம் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட வைத்துக்கொண்டிருந்தார். கோயில் கமிட்டியில் இருக்கிறவர், எதற்கும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசுவார்.

"பெரியப்பா, என்ன இது? அம்மா எப்ப காரைநகர்ல பொறந்தாங்க?"

குலம் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நினைவு மலர் எண்டா ஒரு முறை இருக்கு. முதல் வரி பிறப்பிடம். மலருக்கு இரங்கல் பாட்டு எழுதுற மனிசன் ஊரைத் தாங்கோ, தாய் தேப்பன் பேரைத் தாங்கோ எண்டு நிக்கிறான். ஊர் இல்லாம ஒரு ஆளை எப்பிடிப் போடுறது?"

"ஊர்தான் இருக்கே லா! வலென்சா! நான் எழுதிக் குடுத்தேன்ல?"

"வாசிச்சனான், வாசிச்சனான். முழுக்க வாசிச்சனான். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனா உது இங்க சரிவராது."

"யாரு இந்த வேலுப்பிள்ளை? யாரு நாகம்மா?"

"ஆருமில்லை பிள்ளை," என்று சமையலறை வாசலில் நின்று சந்திராதேவி சொன்னாள், ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணியதுபோல. "பொதுவான பேராப் போட்டாத்தான் ஒருத்தரும் ஆரெண்டு கேளாயினம். காரைநகரில அந்தப் பேர் எத்தினை பேருக்கு இருக்கும்!"

உண்மைக் காரணம் என்னவென்று அஞ்சனாவுக்கும் தெரியும், வீட்டில் நின்ற எல்லாருக்கும் தெரியும். குலத்தின் மகன் மயூரன் பல் டாக்டர். சிரம்பானில் ஒரு குடும்பத்தில் பெண் பேசி முடிந்திருக்கிறது. பெண்ணின் பேர் தாரணி. நல்ல பழைய யாழ்ப்பாணக் குடும்பம், நாலும் விசாரிக்கிற ஆட்கள். பெண்ணின் தாயும் தகப்பனும் நாளைக்கு வருகிறார்கள். மாப்பிள்ளையின் சித்தி ஹோட்டலில் பாடிய பிரேசில்காரி, அதுவும் கறுத்தவள், சுருட்டை முடிக்காரி என்று அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷியின் ஊரை, பேரை, பெற்றவர்களை, தலைமுடியை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மூக்குத்தியைக் குத்தி வைத்திருக்கிறார்கள். தூ!

மயூரன் சோபாவில் இருந்தான். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஜஸ்ட் எ புக்லெட் லா, அஞ்சு. யாரு படிக்கப் போறா?" என்றான்.

அஞ்சனா அப்பாவைத் தேடினாள். காண்டீபன் பின்பக்கம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை அவர் முன்னால் போட்டாள்.

"அப்பா, நீங்க பாத்தீங்களா இத?"

"அண்ணை காட்டினவர்."

"காட்டுனாரா? நீங்க என்ன சொன்னீங்க?"

காண்டீபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடு பிள்ளை. போன ஆள் போயிட்டா. இனி என்னத்துக்குச் சண்டை? மயூரனுக்கும் நல்ல இடம் வந்திருக்கு."

வீட்டில் அவளை 'லூ' என்று கூப்பிட்ட மனுஷன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 'அந்தப் பாட்டைப் பாடு லூ' என்று கெஞ்சிய மனுஷன். அஞ்சனாவுக்குக் குலத்தின் மேல் வந்தது கோபம். அப்பாவின் மேல் வந்தது அருவருப்பு. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கோபப்பட்டால் கத்தத் தோன்றும். அருவருப்பு வந்தால் அந்த ஆளின் பக்கத்தில் நிற்கவே கூசும். அவள் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காரியம் ஒரு குறைவில்லாமல் நடந்தது. குருக்கள் வந்தார், சடங்கு முடித்தார், தானம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் காரியத்துக்கு ஓடினார். அம்மாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்துச் சந்திராதேவி படைத்தாள். சாம்பார், பருப்பு, அவியல், வடை, பாயசம். லூசியாவுக்குப் பாயசம் என்றாலே ஆகாது. 'இனிப்பில் சோறு போடுகிற ஆட்களை இங்கேதான் பார்க்கிறேன்' என்று முகத்தைச் சுளிப்பாள். பொரித்த கானாங்கெளுத்தி மீனும் ஒரு குளிர்ந்த பீரும் கொடுத்தால், அன்றைக்கெல்லாம் பாடுவாள். இப்போது அவள் சுத்த சைவம். புத்தகத்திலேயே போட்டாயிற்று, 'மாமிசம் மணந்தாலும் மனம் நோகும் மாதரசி' என்று. அந்தப் பாட்டு எழுதுகிறவன் யாரோ செத்துப்போன இன்னொரு பொம்பளைக்கு எழுதியதை அப்படியே தூக்கிப் போட்டிருந்தான்.

கூடாரத்துக்கு வெளியே, சமையல்காரர்களின் தவலைப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனபாலன் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டுப் பெம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர். உள்ளே வந்து உட்காரப் போனவரை, 'இஞ்ச குடும்ப ஆக்களுக்கு இடம் போட்டிருக்கு' என்று சொல்லிக் குலம் வெளியே அனுப்பியிருந்தார். அஞ்சனா போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"அம்மாடி, நானும் முன்னுக்குப் பின்னுக்குப் பொரட்டிப் பாத்துட்டேன்," என்று தனபாலன் மலரைக் காட்டினார். "அக்கா பாடுனதப் பத்தி ஒரு வரிகூட இல்லையே? பதினெட்டு வருசம் என்கூட மேடையில நின்ன மனுசிமா அவங்க. பக்கம் கிக்கம் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல அங்கிள். எடுத்துட்டாங்க."

தனபாலன் புத்தகத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

உள்ளே குலம் மைக்கைப் பிடித்து வாழ்க்கை வரலாற்றை வாசிக்கத் தொடங்கினார். கணீரென்ற குரல். 'வாசற்படி தாண்டாத வனிதையர்க்கோர் குலவிளக்கே' என்று பாட்டை வேறு ராகம் போட்டு இழுத்தார். கடல் தாண்டி வந்தவளை வாசற்படி தாண்டாதவள் என்றார். கூடாரத்தில் இருந்த சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் லூசியாவின் பாட்டை ஒரு தரமாவது கேட்டவர்கள். அவர்களில் இரண்டு பேர் அவளிடம் பிள்ளைகளை அனுப்பிக் கிட்டார் படிப்பித்தவர்கள். ஒருத்தர் முகத்திலும் ஒரு சுருக்கம் விழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தலையாட்டினார்கள். அஞ்சனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வாய் கசந்தது.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது.

பெண் தாரணியின் தாய் திலகவதி. சிரம்பானில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று, பார்த்தாலே மரியாதை வருகிற ஆள். அவர் நினைவு மலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விம்மினார். பக்கத்தில் இருந்த அவருடைய கணவர், என்ன என்ன என்று பதறினார்.

"காரைநகர் வேலுப்பிள்ளை... நாகம்மா... லட்சுமி..." என்று திலகவதி விரலால் அந்த வரியைத் தொட்டார். "இது எங்கட சித்தப்பா எல்லோ! ஐயாட கூடப்பிறந்த தம்பி!"

குலத்தின் குரல் நடு வரியில் நின்றது. மைக்கை மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்தார். "இல்லையில்லை, அது வேற வேலுப்பிள்ளையாயிருக்கும். அங்க கனபேர்..."

"எந்தப் பகுதி அவையள்?"

யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஊரைச் சொன்னால் அடுத்தது பகுதி, அதற்கடுத்தது யாருடைய பிள்ளை. அறுபத்தைந்து வருஷமாக இதே கேள்வியை ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த குலம், இதற்கு மட்டும் பதில் தயார் பண்ண மறந்துவிட்டார். அவருக்குக் காரைநகரில் தெரிந்த இடப்பெயரே ஒன்றுதான்.

"களபூமி," என்றார்.

"அதேதான்!" என்று திலகவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "களபூமிதான்! சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து போனவை, பிறகு ஒரு செய்தியும் இல்லை. சித்தப்பா செத்தது தெரியும். பெட்டை எங்கயெண்டு தெரியாம ஐயா சாகுமட்டும் விசாரிச்சவர். என்ர தங்கச்சி இஞ்ச மலாக்காவிலயே இருந்திருக்கிறா! ஒரு மணித்தியாலம் கார் ஓடினா வந்து பாத்திருப்பனே!" அவர் எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். ஸ்டூடியோக்காரன் வாரிவிட்ட அந்தத் தலையைக் கையால் தடவினார். "சின்னதில பாத்ததுதான். அதே மூக்கு. அதே மூக்குத்தி."

அஞ்சனாவின் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அம்மாவின் கண்ணீர் சுத்தமான கண்ணீர். எங்கேயோ தொலைந்துபோன, அல்லது குண்டு விழுந்து செத்துப்போன ஒரு லட்சுமிக்காகச் சிந்துகிற கண்ணீர். அதை இந்த நாய்ப்பிழைப்புக்காரர்கள் ஒரு போலி மூக்குத்திக்கு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சந்திராதேவி பக்கத்தில் போய், "அழாதேங்கோ அக்கா, விதி" என்று வேறு முதுகைத் தடவினாள். அந்தக் கையைப் பிடித்து முறித்தால் என்ன என்றிருந்தது அஞ்சனாவுக்கு.

திலகவதியின் கணவர் விரல் மடித்து ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் செருமி, "பொறுங்கோ," என்றார். "இவ உமக்குத் தங்கச்சி எண்டா, மயூரனுக்குச் சித்தி. சித்தியின்ர அக்காவும் பொடியனுக்குத் தாய் முறை. அப்ப எங்கட தாரணி அவனுக்குத் தங்கச்சி எல்லோ?"

வெளியே தவலையில் பருப்பைக் கிண்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

"ஓம்," என்று திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் தங்கச்சி முறைதான். உது எப்பிடிக் கட்டுறது? நல்ல காலம், இப்பவே தெரிஞ்சுது."

போனிலிருந்து முதல் தடவையாகத் தலையைத் தூக்கிய மயூரன், "வாட்?" என்றான்.

குலத்தின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கூடாரத்துக்கு வெளியே ஓடி வந்தார். பிறகு அஞ்சனாவின் முழங்கையைப் பிடித்து, இழுக்காத குறையாகச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சந்திராதேவியும் பின்னாலேயே ஓடி வந்து கதவைச் சாத்தினாள்.

"பிள்ளை, நீதான் காப்பாத்தோணும்," என்றார் குலம். "நீ போய் அவையளுக்குச் சொல்லு, அம்மா பிரேசில் எண்டு. நீ சொன்னா நம்புவினம். உன்ர அம்மாட பாஸ்போட் கிடக்கோ? அந்தப் பாட்டு சீடி?"

"எதுக்குப் பெரியப்பா? காரைநகர்ல பொறந்தவங்களுக்கு ஏது பிரேசில் பாஸ்போர்ட்டு?"

"உப்பிடிக் கதையாதை பிள்ளை," என்று சந்திராதேவி அவள் கன்னத்தைத் தொட வந்தாள். அஞ்சனா முகத்தை இழுத்துக்கொண்டாள். "நீதானே உண்மையைப் போடச் சொல்லி நிண்டனீ? இப்ப சொல்ல வேண்டியதுதானே! அம்மா நல்லாப் பாடுவா, கிட்டார் வாசிப்பா, எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை..."

பெருமையாம்! கேக்கைக் குப்பையில் போட்ட வாய் சொல்கிறது. நேற்றுவரை அம்மா பிரேசில்காரியாக இருந்தது இவர்களுக்கு அசிங்கம். இன்றைக்கு அவள் பிரேசில்காரியாக இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுபோகும். செத்தவளை எடுப்பதும் வைப்பதும் இவர்கள் வசதிக்கு. அஞ்சனாவுக்கு ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாமா என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், இவர்கள் குழியில் இவர்களே விழுவார்கள். ஆனால் விழுந்தாலும் அம்மா காரைநகர் லட்சுமியாகவே போய்விடுவாள். அந்த வாத்தியாரம்மாவும், இல்லாத தங்கச்சிக்கு வருஷா வருஷம் திவசம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீங்க சொல்லுங்க. மைக்குலயே சொல்லுங்க. எங்க பொறந்தாங்க, என்ன வேல செஞ்சாங்க, பேரு என்ன, எல்லாம்."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

"பொய்ய இவ்வளவு பேருக்கு முன்னாலதான படிச்சீங்க?"

குலம் மனைவியைப் பார்த்தார். சந்திராதேவி, "போய்ச் சொல்லித் துலையுங்கோ, அவையள் எழும்பப் போகினம்," என்று பல்லைக் கடித்தாள்.

அவர் போய் மைக்கை எடுத்தார். அஞ்சனாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். கணீரென்ற அந்தக் குரல் எங்கே ஓடி ஒளிந்ததோ. "பெரியோர்களே... நினைவு மலரில ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது. அச்சுப் பிழை. காலஞ்சென்ற எங்கட தம்பியின்ர மனைவி... பிரேசில் நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்டவ. காரைநகர் இல்லை. வேலுப்பிள்ளையும் இல்லை. அவ ஒரு... பாட்டுக்காரி. ஹோட்டலில பாட்டுப் படிச்சவ. கிட்டார் வாசிப்பா." சொந்தக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அவவின்ர பேர் லட்சுமிதேவி இல்லை. அது நாங்கள் வைச்ச பேர். அவவின்ர சொந்தப் பேர்..."

நின்றார். உதட்டை நக்கினார். பிறகு, மைக்கைக் கொஞ்சமும் தள்ளிப் பிடிக்காமல், பக்கத்தில் நின்ற அஞ்சனாவின் பக்கம் குனிந்து கேட்டார்:

"பிள்ளை, உன்ர அம்மாட பேர் என்ன?"

நான்கு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. தவலைக்காரர்களுக்குக் கேட்டது, ரோட்டில் நின்றவர்களுக்குக் கேட்டது. முழுக்க வாசிச்சனான் என்றாரே, அந்த மனுஷன். அவள் அனுப்பிய பக்கத்தில் முதல் வரியே அந்தப் பேர்தான். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து செத்து எரிகிறவரைக்கும் தம்பி பெண்டாட்டியின் பேர் என்னவென்று இந்த ஆளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தேவைப்பட்டதும் இல்லை.

அஞ்சனா முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லட்டும். இந்த ஒரு வார்த்தையை. காண்டீபனின் உதடு அசைந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார், உதடு மூடிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"லூசியா!"

சத்தம் கூடாரத்துக்கு வெளியிலிருந்து வந்தது. தனபாலன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். "லூசியாங்க. ஜாசின் பூரா தெரியும்."

அஞ்சனா பெரியப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "லூசியா நசிமெந்தோ," என்றாள். "எங்க அம்மா. பாடகி." மைக்கை வைத்துவிட்டாள்.

திலகவதி நின்ற இடத்திலேயே நின்றார். கையில் நனைந்த கைக்குட்டை. "அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்கு அழுதனான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

அவர் அஞ்சனாவிடம் வந்து, அவள் தலையில் கையை வைத்தார். சுருட்டை முடி, அம்மாவுடையது. பிறகு திரும்பி, கணவரின் தோளைத் தொட்டார். இருவரும் செருப்பைத் தேடினார்கள்.

குலம் ஓடினார். "இருங்கோ, இருங்கோ, சாப்பிடாமப் போறதே? இப்ப முறைப் பிரச்சினை இல்லைத்தானே! தங்கச்சி முறை இல்லையெண்டு தெளிவாயிட்டுது. கல்யாணத்துக்கு இனி ஒரு தடையும் இல்லை!" அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அஞ்சனா பார்த்ததிலேயே அசிங்கமான சிரிப்பு அதுதான்.

"முறை சரிதான்," என்றார் திலகவதி, ஒரு செருப்பை மாட்டியபடி. "எங்கட பிள்ளை உங்கட வீட்டுக்கு வந்து நாளைக்குச் செத்துப்போனா, அவளுக்கு நீங்கள் எந்த ஊர் போடுவியள் எண்டுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மலரைக் குலத்தின் கையில் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மயூரன் போனை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒரு சித்தப்பா இலை போடச் சொன்னார். இலை போட்டார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, தலையைக் குனிந்து, சாம்பாரைப் பிசைய ஆரம்பித்தார்கள்.

அஞ்சனா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தனபாலனைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள்; அம்மாவின் கிட்டார் அங்கேதான் இருக்கிறது, வருகிற வழியில் கானாங்கெளுத்தி வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கார்க் கதவைத் திறந்தபோது பின்னால் காண்டீபன் நின்றார். கண்ணாடி இல்லாத முகம், வெறுமையாக இருந்தது.

"அஞ்சு... நானும் வாறன். வீட்ட போவம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருடைய மேல்சட்டைப் பையில் நினைவு மலர் துருத்திக்கொண்டிருந்தது, மூக்குத்தி தெரியும்படி.

"அவசரம் இல்லப்பா," என்றாள். "காரைநகர் லட்சுமிக்கு வடை பாயசமெல்லாம் படைச்சிருக்காங்க. நீங்க உங்க பொண்டாட்டி வீட்டுச் சாப்பாட்ட சாப்பிட்டுட்டு வாங்க."

கதவைச் சாத்தி, காரை எடுத்தாள்.